பூஜையில் டிஸ்க், பஸ்ஸில் சிபியூ

எடைமேடையில் எனக்குப் பதினொரு வருஷம் ஆகிறது. திண்டிவனத்துக்கு வெளியே, மயிலம் போகிற வழியில் இருக்கிறது மேடை. லாரி ஏறி நிற்கும். அறைக்குள் கம்ப்யூட்டரில் எடை விழும். வண்டி நம்பரை அடித்துப் பட்டனைத் தட்டினால் சீட்டு வரும். வேலை அவ்வளவுதான். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். இதற்கு அது போதும்.

வண்டி இரண்டு நேரம்தான் வரும். காலை ஆறிலிருந்து பதினொன்று வரைக்கும் ஜல்லி லாரி. சாயங்காலம் நாலுக்கு மேல் நெல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, சவுக்குக் கட்டை. நடுவில் ஐந்து மணி நேரம் ஃபேன் சத்தம்தான்.

ஓனர் விழுப்புரத்தில் இருக்கிறார். அங்கே இரும்புக் கடை. வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். போன ஆவணியில் ஒரு மத்தியானம் வந்தார். நான் மேசை மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, மத்தியானம் பூரா இப்பிடிதான் குந்திக்கினு இருப்பியா?"

"வண்டி இல்லைங்க ஐயா."

"அதான் நானும் சொல்றேன். தீவாளி முடிஞ்சதும் காலையில மட்டும் வா. சாயங்காலத்துக்கு என் மச்சானை அனுப்பறேன். அவனும் சும்மாதான் இருக்கான்."

"சரிங்க ஐயா" என்றேன்.

அரை நாள் என்றால் அரைச் சம்பளம். வீட்டுக்காரருக்குக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை. மழைக்காலத்தில் அது இருக்காது. மகள் காலேஜில் முதல் வருஷம். முழு நாள் சம்பளம் வந்தால்தான் வீடு நிற்கும். அதை ஓனரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

அறையில் கம்ப்யூட்டர் இருப்பது ஜன்னல் வழியாக ரோட்டுக்குத் தெரியும். அதனால் போகிறவர் வருகிறவர் நின்று கேட்பார்கள். "யக்கா, சாதிச் சான்று ஆன்லைன்ல போட முடியுமா?" "வருமானச் சான்று?" "பட்டா பாக்க முடியுமா?" எல்லாரும் டவுனுக்குப் போய் அரை நாள் நின்று வருகிறவர்கள். எனக்குப் போடத் தெரியும். மகளுக்கு எல்லாம் நான்தான் போனில் போட்டேன். ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கங்கள் திறக்காது. அவ்வளவு பழசு. "இதுல எடை மட்டும்தான் வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பதினொரு வருஷமாக அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஓனர் அடுத்த வாரம் வந்தபோது கேட்டேன்.

"மத்தியானத்துல நான் ஆன்லைன் வேலை பாத்துக் குடுக்கட்டுங்களா ஐயா? வர்ற காசு மேடைக்கே. எனக்கு முழு நாள் குடுத்தாப் போதும்."

"இதுல எப்பிடி வரும்? நெட்டே ஏறாதே."

"புதுசு போடணும்."

அவர் கையைத் தூக்கினார். "அதுல கை வைக்காத. எடை புரோக்ராம் எழுதிக் குடுத்தவன் வெளிநாடு போய்ட்டான். சிடியும் கிடையாது. அது போச்சுன்னா இந்த மேடை வெறும் இரும்புத் தகடு. என் கடையிலேயே கிலோ கணக்குல போட்டுடுவேன்."

அவர் சொன்னது உண்மை. அந்தப் புரோக்ராம் பழைய விண்டோஸில்தான் ஓடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் பார்ப்போம் என்று ஒருமுறை கம்ப்யூட்டர் கடையில் கேட்டதற்கு, இது அதில் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். தனியாக இன்னொரு கம்ப்யூட்டர் வாங்குகிற அளவுக்கு ஓனருக்கு என் மத்தியானத்தின் மேல் நம்பிக்கை இல்லை. அது அவர் தப்பு இல்லை.

விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எங்கள் பிரிண்டர் மக்கர் பண்ணினால் அவர்தான் வந்து பார்ப்பார். அன்றைக்குச் சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒரே பொட்டியில பழசும் புதுசும் ரெண்டு சிஸ்டம் போடலாமா?"

"போடலாம். ஆனா ஒரே டிஸ்க்ல வேணாம். தனியா ஒரு ஹார்டு டிஸ்க் போட்டுக்க."

"பழசுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது. புதுசை ஏத்தும்போது பழசைக் கழட்டி வெளிய வச்சிடுவேன். பொட்டிக்குள்ளயே இல்லாததுக்கு இன்னா ஆவும்? ஏத்தி முடிச்சப்புறம் மறுபடி மாட்டிக்கலாம். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

இது எனக்குப் புரிந்தது. ஓனரிடமும் இதையே சொன்னேன். பழைய டிஸ்க் வெளியே இருக்கும், யாரும் தொடமாட்டார்கள் என்று. அவர் மீசையைத் தடவினார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு நாள் வண்டி இல்லாம இருக்கணுங்க. பொட்டியை விழுப்புரம் எடுத்துக்கினு போய் வரணும்."

"ஒரு நாளா? ஒரு நாள் மூடுனா வண்டிக்காரன் அடுத்த மேடைக்குப் பழகிடுவான். நமக்கு வருசத்துல ஒரு நாள்தான் லீவு. ஆயுத பூஜை."

"அன்னைக்கே பண்ணிக்கிறேன்."

அவர் என்னை முறைத்தார். "பூஜையில வச்ச பொருளைத் தூக்கிக்கினு பஸ் ஏறுவியா நீ?"

எங்கள் மேடையில் அது கண்டிப்பு. ஆயுத பூஜைக்கு வைத்த எதையும் மறுநாள் காலையில் கற்பூரம் காட்டும் வரைக்கும் அசைக்கக் கூடாது. ஒரு வருஷம் போன் நம்பர் எழுத அவசரமாகப் பேனாவை எடுத்துவிட்டேன். வெறும் பேனா. அதற்கே ஓனர் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேடை மூடுகிற ஒரே நாள் அது. கம்ப்யூட்டரைத் தொடக் கூடாத ஒரே நாளும் அதுதான்.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருக்கும்போது தோன்றியது. உடனே ஓனருக்குப் போன் போட்டேன். அவருக்கு நானாகப் போன் போடுவது அபூர்வம். பதறிப்போய் எடுத்தார்.

"இன்னாம்மா? எடை நின்னு போச்சா?"

"இல்லைங்க ஐயா. பூஜைக்கு டிஸ்க்கை மட்டும் வச்சிடலாம். எடை அதுலதான் இருக்குது. பொட்டி வெறும் தகரம். அதை நான் எடுத்துக்கினு போறேன்."

அந்தப் பக்கம் கடையில் இரும்புக் கம்பி இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எடை அதுலயா இருக்குது?"

"ஆமாங்க."

"அப்போ பொட்டியில ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லைங்க."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "போட்டுக்க. ஆனா ஒண்ணு கேட்டுக்க. மறுநாள் ஆறு மணிக்கு மொத வண்டி ஏறும். எடை விழணும். விழலைன்னா அரை நாளும் கிடையாது."

"சரிங்க ஐயா."

ஆயுத பூஜை அன்று காலையிலேயே போய்விட்டேன். மேடையைக் கழுவிவிட்டேன். நாலு மூலையிலும் வாழைக்கன்று கட்டினேன். பிறகு சிபியூவைத் திறந்தேன். பதினொரு வருஷமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு கை தூசு இருந்தது. டிஸ்க்குக்கு நாலு ஸ்க்ரூ. இரண்டு கேபிள். மெக்கானிக் போனில் சொன்னபடியே உருவினேன். ஒரு செங்கல்லில் பாதி கனம் இருந்தது. பூஜைக்கு விரித்த இலையில் வைத்தேன்.

ஸ்க்ரூ டிரைவரை என் பையில் போட்டுக்கொண்டேன். மெக்கானிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

ஓனர் பொரி மூட்டையோடு வந்தார். எடை காட்டுகிற இண்டிகேட்டர், கீபோர்டு, பிரிண்டர், ஸ்டாம்ப் பேடு, பேனா, ரப்பர், ஸ்பேனர் எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் கண் வரிசையில் ஓடியது.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க?"

"வீட்டுல இருக்குதுங்க."

பொய்தான். அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தார். டிஸ்க்கின் முன்னால் நின்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு முகம் எந்தப் பக்கம்மா?"

நான் யோசிக்காமல் சொன்னேன். "பல்லு இருக்கிற பக்கம் ஐயா."

ஒரு ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் இருக்கும். கேபிள் மாட்டுகிற இடம். அது பேசுவது அந்த வழியாகத்தானே. அதனால் அதுதான் முகம் என்று எனக்குப் பட்டது. அவர் அந்த ஓரம் முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்தார். நடுவில் குங்குமம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

சிபியூவை வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் சுற்றினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்தார்.

"இன்னாக்கா, வேட்டி சுத்தி மடியில வச்சிருக்க. சாமியா?"

"சிபியூ."

"லக்கேஜ் போடணுமே."

"உள்ள ஒண்ணுமில்ல. காலி."

"காலியா? அப்புறம் எதுக்குத் தூக்கிக்கினு போற?"

"ரொப்பிக்கினு வர்றதுக்கு."

அவர் சிரித்துவிட்டு எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். விக்கிரவாண்டி டோலில் வண்டியெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. எல்லா வண்டியும் பளபளவென்று இருந்தன. பார்க்க நன்றாக இருந்தது.

மெக்கானிக் கடை ஷட்டர் இறங்கி, மாலை தொங்கியது. பின்பக்கம்தான் அவர் வீடு. வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஸ்க்ரூ டிரைவர் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன் அண்ணே."

"என் டூல்ஸ் மொத்தமும் பூஜையில இருக்குது. பென்டிரைவை மட்டும் நேத்தே சட்டைப் பையில போட்டு ஒளிச்சிட்டேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கேட்டது. "அதை நான் பாக்கலைன்னு நெனச்சிக்கினு இருக்காரு."

கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். அவர்கள் வீட்டு டிவியே மானிட்டர். மனைவி ஒரு தட்டில் சுண்டல் கொண்டுவந்து வைத்தார். மெக்கானிக் புது டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலம். கனமே இல்லை. எடை பார்த்தே பழகினவள் நான். கனமில்லாத பொருளை நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இதுல லினக்ஸ் போடறேன். காசு கிடையாது. உங்க பொட்டி பழசு, புது விண்டோஸை அது தாங்காது. இது லேசு, ஓடும்."

"ஆன்லைன் பக்கமெல்லாம் தொறக்குமா?"

"எல்லாம் தொறக்கும். உனக்கு அதான வேணும்?"

"அதான் வேணும்."

பென்டிரைவைச் சொருகினார். டிவியில் எந்த மொழி என்று கேட்டது. பட்டியலில் தமிழும் இருந்தது. அவர் இங்கிலீஷுக்குப் போனார். "தமிழே வையுங்க அண்ணே" என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். தமிழிலேயே வைத்தார். சுண்டல் தீர்வதற்குள் பாதி ஏறிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

பிறகு சொல்லிக்கொடுத்தார். ஆன் செய்ததும் கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் இரண்டு டிஸ்க்கின் பெயரும் வரும். எது வேண்டுமோ அதில் போகலாம். நான் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த வீட்டுக் கீபோர்டில் அந்தப் பட்டன் மேல் ஒட்டி இடத்தை மனதில் வைத்துக்கொண்டேன். அவர் மனைவி வேறு பொட்டு கொடுத்தார்.

"நாளைக்கு நான் வர முடியாது" என்றார் மெக்கானிக். "நீயே மாட்டணும். இப்போ கழட்டு, மாட்டு."

புது டிஸ்க்கை வைத்தே பத்து தடவை கழட்டி மாட்டினேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. டிவியில் பட்டிமன்றம் போட்டுவிட்டார்.

மறுநாள் ஐந்தரைக்கு மேடைக்குப் போனேன். கற்பூரம் காட்டினேன். இலையிலிருந்து டிஸ்க்கை எடுத்துப் பொட்டியில் வைத்தேன். நாலு ஸ்க்ரூ. இரண்டு கேபிள். கேபிள் கொஞ்சம் இறுக்கமாகப் போனது. எங்கள் கீபோர்டிலும் அதே பட்டன் மேல் ஒரு பொட்டை ஒட்டினேன். ஆன் செய்து, அதைத் தட்டினேன்.

ஒரே ஒரு பெயர்தான் வந்தது. புதுசு மட்டும். பழசைக் காணோம்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே ஒரு பெயர். வெளியே ஹாரன் கேட்டது. முதல் ஜல்லி லாரி மேடை மேல் ஏறி நின்றிருந்தது. அந்த டிரைவர் எனக்குப் பத்து வருஷப் பழக்கம். வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, இன்னும் பூஜை முடியலியா? ஜல்தி."

"இரு."

"மேடை மேல நின்னுக்கினே இருக்கேன் சாமி மாதிரி. கற்பூரமாவது காட்டு."

கை வேலை செய்தது. டிஸ்க்கைத் திரும்ப வெளியே எடுத்தேன். கேபிளை உருவினபோது அதன் வாயிலிருந்து மஞ்சளாகத் தூள் கொட்டியது. அப்போதுதான் விளங்கியது. சந்தனம். ராத்திரி காய்ந்து பல் இடுக்கு முழுக்கக் கெட்டியாகப் பிடித்திருந்தது. முகம் எது என்று காட்டிக்கொடுத்தவள் நானேதான்.

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி ஒடித்தேன். பல் இடுக்கில் மெதுவாகச் சுரண்டினேன். பூஜையில் இருந்த ரப்பரை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். கேபிளின் வாயைத் தட்டித் தட்டி ஊதினேன். டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"டாக்டர் கணக்கா பல்லு வெளக்கிக்கினு இருக்க?"

"வாயை மூடிக்கினு இரு."

"எனக்கும் ஒரு பல்லு வலிக்குதுக்கா."

மாட்டினேன். ஆன் செய்தேன். பட்டனைத் தட்டினேன். இரண்டு பெயரும் வந்தன. பழசில் போனேன். திரை நீலமாகி, எடை புரோக்ராம் திறந்து, இருபத்தெட்டு டன் சொச்சம் விழுந்தது. எண் ஆடாமல் நின்றது. வண்டி நம்பர் அடித்தேன். சீட்டு வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

டிரைவர் சீட்டை வாங்கிக்கொண்டு இரண்டடி போனார். திரும்பி வந்தார்.

"யக்கா, மணி இன்னா?"

"ஆறு இருபது."

"சீட்டுல பன்னண்டு அம்பது போட்டிருக்குது. நடுராத்திரி. வழியில புடிச்சா, ராத்திரி கல்லு ஏத்திக்கினு வந்தேன்னு வண்டியை ஓரங்கட்டிடுவான். பேஜாராயிடும்."

திரையின் மூலையில் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பதுதான். கடிகாரத்தைத் திருத்திவிட்டு வேறு சீட்டு போட்டுக் கொடுத்தேன். சந்தனத் தூளைத் தட்டியதில் ஏதோ ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

ஆறரைக்கு ஓனர் போன் வந்தது.

"எடை விழுந்துதா?"

"விழுந்துதுங்க ஐயா."

"டிஸ்க்ல பொட்டு இருக்குதுல்ல?"

மறைக்க மனம் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பற்றிச் சொன்ன பொய்யே போதும். "பல்லுப் பக்கம் மட்டும் துடைச்சிட்டேங்க."

"முகத்தையா துடைச்ச?"

"பேசலைங்க. துடைச்சதுக்கப்புறம் பேசுச்சு."

"சரி, கற்பூரம் காட்டிட்டுதான துடைச்ச?"

"காட்டிட்டுதாங்க."

"அப்போ சரி."

பதினொன்றரை மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்து, புதுசில் போனேன். எல்லாம் தமிழில் வந்தது. போனிலிருந்து நெட் கொடுத்தேன். அரசாங்கப் பக்கம் திறந்தது. பதினொரு வருஷமாகத் திறக்காதது. வாசலில் அந்த டிரைவரே நின்றிருந்தார். ஜல்லியை இறக்கிவிட்டு, மகளுடைய சாதிச் சான்றுக்கான காகிதங்களோடு வந்திருந்தார்.

"மத்தியானம் ஆன்லைன் வேலை பாப்பேன்னு சொன்னியே. மொத ஆளா வந்துட்டேன். கைராசி எப்பிடின்னு பாப்போம்."

அவர் போனுக்கு ஓடிபி நம்பர் வரவழைத்து, பெயரெல்லாம் அடித்து, காகிதங்களைப் படமெடுத்து ஏற்றினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, இதுல அஞ்சரை மணி காட்டுதே."

ஆமாம். பன்னிரண்டுக்கு ஐந்தரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாகப் பன்னிரண்டு ஆனது.

"காலையில நடுராத்திரி, மத்தியானத்துல சாயங்காலம்" என்றார். "உங்கிட்ட வந்தா ஒரே நாள்ல ரெண்டு நாள் போய்டுதுக்கா. வயசாயிடும்."

நாலு மணிக்குப் பழசில் போனால் காலை பத்தரை காட்டியது. திருத்தினேன். மறுநாள் புதுசில் மறுபடி ஐந்தரை மணி கூட இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். மூன்று நாள் எழுதினதும் பார்த்தேன். ஒன்று முன்னால் ஓடுகிறது, ஒன்று பின்னால் ஓடுகிறது. எப்போது பார்த்தாலும் சரியாக ஐந்தரை மணி. ரிப்பேரான கடிகாரம் இப்படி ஒழுங்காகத் தப்பு செய்யாது. மெக்கானிக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ரெண்டுக்கும் நடுவுல அஞ்சரை மணி, அஞ்சரை மணியா இருக்குது."

அவர் சத்தமாகச் சிரித்தார். "மறந்தே போய்ட்டேன் பாரு. பொட்டிக்குள்ள ஒரே கடிகாரம். புதுசு அதுல லண்டன் டைம் வச்சிட்டு, அஞ்சரை மணியைத் தானே கூட்டிக்கும். பழசுக்கு அது தெரியாது. இருக்கிறதை அப்பிடியே காட்டும். ஒரு வரி சொல்றேன், புதுசுல அடி."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். இரண்டு இடத்தில் தப்பாகி மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டும் நம்ம ஊர் மணிதான் காட்டுகின்றன. அந்த வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெக்கானிக்கை வரவழைத்து, பழைய டிஸ்க்குக்கு ஒரு காப்பி எடுத்து வைத்தோம். ஓனர் பீரோவில் இருக்கிறது. பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் கொடுத்தேன். பொட்டு வைப்பதானால் கவர் மேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளி வந்தது, போனது. மத்தியானத்தில் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். முதலில் டிரைவர்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பெண்கள். பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள். உட்கார இடம் கிடையாது. இரண்டு ஹாலோ பிளாக் கல், ஒரு பழைய டயர். மற்றவர்கள் நின்றார்கள்.

தீபாவளி கழிந்த வாரம் ஓனர் வந்தார். சொல்லாமல் ஒரு மணிக்கு வந்தார். உள்ளே மூன்று பேர், கல்லில் இரண்டு பேர். இரண்டு பெண்கள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மேடை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். இண்டிகேட்டரில் நூற்றுப் பத்து கிலோ காட்டிக்கொண்டிருந்தது. ஓனர் அதைப் பார்த்தார். அந்தப் பெண்களைப் பார்த்தார்.

"இதுக்கு சீட்டு போட்டியா?"

"இல்லைங்க ஐயா."

மச்சானைப் பற்றிப் பேச்சே வரவில்லை. நானும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் நின்று, ஒரு கிழவருக்குப் பட்டா எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு ஓனர் என்ன சொன்னார் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நல்லதா கெட்டதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

நாலு நாள் கழித்துச் சாயங்காலம் அந்த ஜல்லி டிரைவர் வந்தார். விழுப்புரத்தில் லோடு இறக்கிவிட்டு வருகிற வண்டி. மேடை மேல் நிறுத்தாமல் பக்கத்தில் நிறுத்தினார். பின்னால் ஏறி எதையோ இழுத்தார். இரும்பு பெஞ்ச். நீளமானது, நாலு பேர் உட்காரலாம். பச்சை பெயிண்ட் இன்னும் வாசனை அடித்தது.

"உங்க ஓனர் குடுத்து அனுப்புனாரு. மத்தியானத்துல வர்றவங்க குந்துறதுக்காம்."

"வேற எதுனா சொன்னாரா?"

"சொன்னாரு. பெயிண்டு காயற வரைக்கும் யாரும் குந்தக் கூடாதாம். ரெண்டாவது, மச்சானுக்குக் கடையிலேயே வேலை போட்டுட்டாராம், உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. உங்கிட்ட எதுக்கு அது?"

"சும்மாதான்" என்றேன்.

"நீ இன்னாக்கா, தானா சிரிக்கிற?"

நான் சிரித்தது எனக்குத் தெரியவில்லை. அவர் பெஞ்சைத் தூக்கி மேடை நடுவில் வைத்தார்.

"போடு எடை."

"போய்யா."

"போடுக்கா. மேடைக்கு வந்த பொருளு. சும்மா எறக்கக் கூடாது."

அறைக்குள் போனேன். பழசு ஓடிக்கொண்டிருந்தது. எண் ஆடி நின்றது. வண்டி நம்பர் கேட்கிற இடத்தில் பெஞ்ச் என்று அடித்தேன். பட்டனைத் தட்டினேன். சீட்டு வந்தது. அது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

எடை முப்பது கிலோ. நேரம் மாலை நாலு பத்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்துதான்.